ஆடாத சனிக்கிரகம்

1. மூடியைக் கழற்றியபோது

தரங்கம்பாடியில் தங்கை மகள் கல்யாணம். நாலு நாள் லீவு போட்டுவிட்டுத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு வந்து டெலஸ்கோப் இருக்கும் டோமைத் திறந்தேன். பெயின்ட் வாடை மூக்கில் ஏறியது. டெலஸ்கோப்பின் அடிப்பக்கம் போய் மெயின் மிரரின் தகர மூடியைக் கழற்றி டார்ச் அடித்தேன்.

கண்ணாடி முழுக்க வட்டம் வட்டமாகக் கீறல். தோசைக்கல்லை நார் போட்டுத் தேய்த்தால் எப்படி இருக்குமோ அப்படி. மூன்று இடத்தில் கோட்டிங் மொத்தமாக உரிந்து, கண்ணாடிக்குப் பின்னால் இருக்கும் இரும்புத் தட்டு தெரிந்தது.

இதை வெளியில் சொன்னால், "கண்ணாடியைத் துடைச்சா என்ன மேடம் தப்பு?" என்பார்கள். வீட்டில் இருக்கும் முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பூச்சு பின்பக்கம் இருக்கும். முன்பக்கம் எவ்வளவு துடைத்தாலும் ஒன்றும் ஆகாது. டெலஸ்கோப் கண்ணாடிக்குப் பூச்சு முன்பக்கம். அலுமினியம். தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியது. தூசி படிந்தால் ரப்பர் பல்பை அமுக்கி ஊதிவிடுவோம், அவ்வளவுதான். கொஞ்சம் தூசி இருப்பதால் ஒன்றும் குறையாது. ரொம்ப வருஷத்துக்கு ஒரு தடவை டிஸ்டில்டு வாட்டர் ஊற்றி, பஞ்சைத் தன் கனத்திலேயே நகரவிட்டுக் கழுவுவோம். அந்த வேலை இருக்கிற நாளில் எனக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கண்ணாடியின் முகத்தில் என் விரல் பட்டதே இல்லை.

நான் எஸ்தர். பி.எஸ்சி. பிசிக்ஸ். தஞ்சாவூரில் பொதுமக்களுக்கான வான்நோக்கு மையம் ஒன்றில் டெக்னிக்கல் அசிஸ்டென்டாகச் சேர்ந்து, டெக்னிக்கல் இன்சார்ஜாக ஓய்வு பெற்றேன். பெரிய கோயில் பார்க்க வருகிறவர்கள் சாயங்காலம் டவுன் பஸ் பிடித்து எங்களிடம் வருவார்கள். புதுசாகக் கல்யாணம் ஆனவர்கள், ஸ்கூல் பிள்ளைகள், அறுப்பு முடிந்த கையோடு வேன் பிடித்து வருகிற குத்தாலம் பக்கத்துச் சனம். எல்லாரும் எங்களுடைய பதினாலு இஞ்ச் டெலஸ்கோப்பில் கண்ணை வைத்து, "ஆத்தீ!" என்று ஒரு சத்தம் போடுவார்கள். அந்தச் சத்தத்துக்காகத்தான் நான் இத்தனை வருஷம் அங்கே இருந்தேன்.

அந்தக் கண்ணாடியைத்தான் யாரோ நார் போட்டுத் தேய்த்திருந்தார்கள்.

2. தேய்த்தது யார்

அந்த மாசம் மையத்தைப் புதுப்பிக்கும் வேலை நடந்துகொண்டிருந்தது. திட்ட மேனேஜராக குணசேகர் என்று ஒருவர் வந்திருந்தார். நாற்பது வயதுக்குள் இருக்கும். வாசலில் ஃபைபர் ராக்கெட், பக்கத்தில் செல்ஃபி பாயின்ட், டோமைச் சுற்றி ஊதா நிறத்தில் மாறி மாறி எரிகிற லைட். "தஞ்சாவூரின் புதிய அடையாளம்" என்று ஆளுயரத்துக்கு எழுத்து. டெலஸ்கோப் நிலையத்தைச் சுற்றி லைட் போட்டால் வானம் எப்படித் தெரியும் என்று எழுதிக் கொடுத்தேன். "மேடம், ஜனங்க போட்டோ எடுக்கத்தான் வர்றாங்க. நீங்க ரொம்ப யோசிக்காதீங்க" என்று சிரித்துக்கொண்டே வாங்கி வைத்துக்கொண்டார்.

லீவு போகும்போது டோம் சாவியை ஆபீஸில் கொடுத்துவிட்டுப் போகச் சொன்னதும் அவர்தான். உள்ளே பெயின்ட் அடிக்க வேண்டுமாம். மிரர் மூடியை நானே போட்டு நாலு கிளிப்பும் மாட்டிவிட்டுத்தான் போனேன்.

கீழே இறங்கி வந்தேன். பாக்கியம் வராந்தாவில் பெருக்கிக்கொண்டிருந்தாள். கான்ட்ராக்டில் வேலை செய்கிறவள். பதினோரு வருஷமாக அந்தக் கட்டடத்தைப் பெருக்கித் துடைக்கிறவள்.

"பாக்கியம், மேல டெலஸ்கோப்ல கை வச்சது யாரு?"

அவள் முகம் மலர்ந்தது. அதை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

"நான்தாம்மா. பாத்தீங்களா? எவ்ளோ தூசி! ரெண்டு தடவ பவுடர் போட்டுத் தேச்சேன். பச்ச நாரு தேஞ்சே போச்சு."

நான் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்று முழுசாக நினைவில்லை. "அறிவிருக்கா", "யாரு உன்ன தொடச் சொன்னது", "இருபது வருஷ உழைப்பு" என்றெல்லாம் கத்தினேன். பெயின்ட் அடிக்கிற ஆட்கள் சாரத்திலிருந்து எட்டிப் பார்த்தார்கள். பாக்கியம் விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் கைகட்டி நின்றாள்.

"சார்தாம்மா சொன்னாரு. மூடியத் தொறந்து பாத்துட்டு, இவ்ளோ தூசியா இருக்கு, தொறப்பு விழாவுக்குப் பளபளன்னு இருக்கணும்னாரு. சரி சார்னு தேச்சேன்."

"அதுலதான் எழுதி ஒட்டியிருக்கே! பெரிய எழுத்துல!"

"அது இங்கிலீஷ்ல இருக்கும்மா."

மூடியின் மேல் சிவப்பு ஸ்டிக்கர் இருந்தது உண்மை. தொடக்கூடாது என்று ஆங்கிலத்தில் எழுதி அதை ஒட்டியது நான். தஞ்சாவூரில், தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த ஒருத்தி தினமும் நடமாடுகிற இடத்தில், இருபத்திரண்டு வருஷமாக ஆங்கிலத்தில் எச்சரிக்கை எழுதி வைத்துவிட்டு, அது போதும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். குணசேகருக்கு ஆங்கிலம் நன்றாகத் தெரியும். படித்துவிட்டுத்தான் திறந்திருக்கிறார்.

3. ஸ்கிரீனில் வந்த சனி

அவர் அறைக்குப் போனேன். விஷயத்தைச் சொன்னேன். போனிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்.

"சரி பண்ண எவ்ளோ நாளாகும்?"

"மிரரைக் கழட்டி வெளியூர் அனுப்பி, வேக்குவம் சேம்பர்ல புதுசா கோட்டிங் போடணும் சார். மாசக்கணக்காகும்."

"வெள்ளிக்கிழமை விழா, மேடம்."

"விழாவைத் தள்ளி வைங்க. இல்ல, டெலஸ்கோப் ரிப்பேர்னு உள்ளத சொல்லிடுங்க."

அப்போதுதான் நிமிர்ந்து பார்த்தார். "புதுசா திறக்கிற இடத்துல ரிப்பேர்னு சொல்றதா? நல்லா இருக்கு."

புதன்கிழமை சாயங்காலம் ஒரு நப்பாசையில் டெலஸ்கோப்பைத் தூரத்து செல்போன் டவர் லைட்டுக்குத் திருப்பிப் பார்த்தேன். சிவப்புப் புள்ளியாகத் தெரிய வேண்டிய லைட், மார்கழிப் பனியில் எதிரே வருகிற லாரி விளக்குபோல பார்வை முழுக்கப் பரவி நின்றது. அவ்வளவுதான் என்று மூடிவிட்டேன்.

வெள்ளிக்கிழமை என்ன செய்யப் போகிறார் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. தை பிறந்து சில நாள்தான் ஆகியிருந்தது. வானம் துடைத்துவிட்டது மாதிரி. ஆறு மணிக்கெல்லாம் கூட்டம் சேர்ந்துவிட்டது. டோமுக்குப் போகிற படிக்கட்டில் சிவப்புக் கயிறு கட்டி, "பாதுகாப்புக் காரணங்களுக்காக மேலே அனுமதி இல்லை" என்று போர்டு. முற்றத்தில் பெரிய எல்.ஈ.டி. ஸ்கிரீன். தலைமை விருந்தினருக்கு ரோஜாப்பூ கொடுக்கிற வரிசையில் என்னை நிறுத்தினார்கள். இருபத்திரண்டு வருஷ சர்வீஸில் எனக்குக் கொடுத்த மரியாதை அந்த ரோஜாப்பூ.

"இப்போது நமது தொலைநோக்கி வழியாக, நேரலையில், சனிக்கிரகம்!" என்று மைக்கில் குரல் வந்தது.

ஸ்கிரீனில் சனி வந்தது. ஏதோ விண்கலம் எடுத்த படம். பட்டை பட்டையாக நிறம், அகல விரிந்த வளையம். கூட்டம் கை தட்டியது. என் காது இரண்டும் கொதித்தன. அந்த வருஷம் சனியின் வளையம் நம் பக்கம் பக்கவாட்டில் திரும்பியிருந்தது. எந்த டெலஸ்கோப்பில் பார்த்தாலும் ஒரு மெல்லிய கோடாகத்தான் தெரியும். அதைக்கூடத் தெரிந்துகொள்ளாமல் நெட்டில் முதலில் கிடைத்த படத்தை எடுத்துப் போட்டிருந்தார்கள்.

முன்வரிசையில் ஹாஜா பாய் உட்கார்ந்திருந்தார். முத்துப்பேட்டைக்காரர். அலையாத்திக் காட்டுக்குள் இருக்கும் லகூனுக்கு ஆள் ஏற்றிப்போகிற படகுகளுக்கு இன்ஜின் வேலை பார்க்கிறவர். வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு வந்துவிடுவார். அவர் எழுந்து என்னைப் பார்த்துக் கேட்டார்.

"ஏம்மா, இது ஆடவே இல்லியே?"

"என்ன பாய்?"

"போன தடவ நீங்க காட்டுனப்ப தண்ணிக்குள்ள கெடக்குற காசு மாதிரி நெளிஞ்சுக்கிட்டே இருந்துச்சு. காத்து சூட்டுல அப்படித்தான் ஆடும்னு நீங்கதான சொன்னீங்க. இது ஆணி அடிச்ச மாதிரி நிக்குது?"

குணசேகர் வேகமாக என் பக்கத்தில் வந்து, உதடு அசையாமல் சொன்னார். "புது டெக்னாலஜின்னு சொல்லிடுங்க."

அவர் கொடுத்த மைக் என் கையில் இருந்தது. பாய் நின்றுகொண்டே இருந்தார். பதிலுக்காக நின்றார். அவருக்கு இதையெல்லாம் சொல்லிக்கொடுத்ததே நான். அதை வைத்துத்தான் என்னையே கேட்கிறார்.

"பாய், நீங்க சொல்றது சரி. இது டெலஸ்கோப்லேர்ந்து வரல. யாரோ எடுத்த படம். நம்ம டெலஸ்கோப் கண்ணாடி கெட்டுப்போச்சு. இன்னிக்கு அதுல எதுவும் தெரியாது."

4. கார் பார்க்கிங்கில்

பெரிய கலவரம் நடக்கும் என்று நினைத்தேன். தலைமை விருந்தினர் "ஓகோ, அப்படியா" என்றார். வாட்சைப் பார்த்தார். அடுத்த நிகழ்ச்சி இருக்கிறது என்று எழுந்து போய்விட்டார். அவருக்குப் படமாக இருந்தாலும் ஒன்றுதான், சனியாக இருந்தாலும் ஒன்றுதான்.

கூட்டத்துக்கு அப்படி இல்லை. குத்தாலத்திலிருந்து வந்த ஓர் அம்மாள், அறுப்பு வேலைக்குப் போகிறவர், என் முன்னால் வந்து நின்று கேட்டார். "ரெண்டு பஸ்ஸு மாறி வந்திருக்கோம். படத்தக் காட்டவா வரச் சொன்னீங்க? இத எங்க போன்லயே பாத்துக்க மாட்டமா? எங்களப் பாத்தா ஒண்ணும் தெரியாதவங்களாட்டம் இருக்கா ஒங்களுக்கு?"

ஸ்டோர் ரூமைத் திறந்து, ஸ்கூல் பிள்ளைகளுக்காக வைத்திருந்த பழைய நாலு இஞ்ச் டெலஸ்கோப்பைத் தூக்கினேன். ஹாஜா பாய் ஸ்டாண்டைத் தோளில் வைத்துக்கொண்டார். டோமைச் சுற்றிலும் ஊதா லைட் கண்ணைக் கூசச் செய்தது. வாட்ச்மேனிடம், "மெயினை அணைச்சிடுங்க. யார் கேட்டாலும் நான் சொன்னேன்னு சொல்லுங்க" என்றேன். அவர் மறுபேச்சுப் பேசாமல் போய் அணைத்தார்.

கார் பார்க்கிங்கில் ஸ்டாண்டை ஊன்றினோம். மேற்கே வெள்ளி பளீரென்று இருந்தது. பக்கத்திலேயே மங்கலாகச் சனி. அதைப் பிடித்து, கூர்மை சரிசெய்து, முதலில் குத்தாலத்து அம்மாளைக் கூப்பிட்டேன். ஒரு சின்னப் பாசிமணியில் ஊசி குத்தி நிற்கிற மாதிரி, நெளிந்து நெளிந்து தெரிந்தது. அவர் ரொம்ப நேரம் கண்ணை எடுக்கவில்லை.

"தம்மாத்தூண்டுதான் இருக்கு" என்றார். பிறகு, "ஆனா இது நெசம்" என்றார்.

ஹாஜா பாய் கடைசியாகப் பார்த்தார். தலையை ஆட்டினார். எட்டு மணிக்கு மேல் சனி தாழ இறங்குகிற வரைக்கும் அத்தனை பேருக்கும் காட்டினேன். குணசேகர் செல்ஃபி பாயின்ட் பக்கம் இருட்டில் நின்று யாரிடமோ போனில் பேசிக்கொண்டே இருந்தார்.

5. டைப் செய்த தாள்

மறுநாள் காலை குணசேகர் கூப்பிட்டனுப்பினார். மேஜை மேல் டைப் செய்த தாள் ஒன்று இருந்தது. பாக்கியம் என்ற ஒப்பந்தப் பணியாளர், அனுமதியின்றி, பூட்டிய அறைக்குள் நுழைந்து, விலை உயர்ந்த கருவியை அலட்சியத்தால் சேதப்படுத்தினார். நடவடிக்கை எடுக்க வேண்டும். அடியில் என் பெயர். கையெழுத்துக்கு இடம்.

"பூட்டின அறை எப்படி சார் திறந்துச்சு? சாவி உங்ககிட்டதான இருந்துச்சு?"

"மேடம், யாரோ ஒருத்தர் பொறுப்பேத்துக்கணும். அந்தப் பொம்பளைக்கு இங்க இல்லேன்னா வேற எடத்துல வேலை கிடைக்கும். கான்ட்ராக்டர்ட்ட சொல்லி நேத்தே நிறுத்தியாச்சு. உங்களுக்கும் எனக்கும் அப்படியா? ரிட்டயராக இன்னும் ஒரு வருஷம்தான இருக்கு உங்களுக்கு? நிம்மதியாப் போக வேணாமா?"

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் கொண்டுவர முடியாது. அந்த ஆள் மேல் மட்டும் இல்லை. திங்கட்கிழமை வராந்தாவில் பத்துப் பேர் முன்னால் அவளைத் திட்டினேனே, அதைத்தான் அவர் டைப் அடித்து வைத்திருந்தார். நான் கத்தியதைச் சாட்சியாக எடுத்துக்கொண்டார். பெயின்ட் ஆட்கள் எல்லாரும் கேட்டிருக்கிறார்கள் என்று அவரே சொன்னார்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்து அங்கேயே நின்றபடி எழுதினேன். சாவியை யாரிடம் கொடுத்தேன், மூடியைத் திறந்தது யார், தேய்க்கச் சொன்னது யார், எச்சரிக்கை ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது என் தவறு. நாலே வரி. கையெழுத்துப் போட்டு, தபால் வாங்கிப் பதிகிற இன்வர்டு கிளார்க்கிடம் கொடுத்து, சீல் வாங்கினேன். அவருடைய தாளைத் தொடக்கூட இல்லை.

பத்து நாளில் எனக்கு மாற்றல். அதே நிர்வாகத்தின் கீழ் இருந்த சிறுவர் பூங்கா ஒன்றின் அலுவலகம். ஊஞ்சலுக்கு எண்ணெய் போட்டாயிற்றா என்று ரெஜிஸ்டரில் எழுதுகிற வேலை.

ஹாஜா பாய் விழாவில் நடந்ததைப் போனில் பிடித்திருந்தார். அது நாலு பேர் கைக்குப் போய், கடைசியில் நிர்வாகக் குழு விசாரணை வைத்தது. பெயின்ட் மேஸ்திரி வந்து, "சார்தான் தேய்க்கச் சொன்னாரு, நான் சாரத்துல நின்னு கேட்டேன்" என்று நேராகச் சொல்லிவிட்டார். யாரும் கேட்காமலே வந்தார். அவர் ஊர் பெயரைக்கூட நான் அன்றைக்குக் கேட்டுக்கொள்ளவில்லை.

குணசேகருக்கு என்ன தண்டனை என்று கேட்பீர்கள். வேறு ஊரில் இதைவிடப் பெரிய திட்டத்துக்கு மாற்றிவிட்டார்கள். வழியனுப்பு விழாவில் சால்வை போட்டார்கள். ஆறு மாசம் கழித்து மிரர் புது கோட்டிங்கோடு திரும்பி வந்தது. அதை மாட்டுவதற்கு ஆள் இல்லாததால் என்னையும் திரும்பக் கூப்பிட்டார்கள். கூப்பிட்ட கடிதத்தில் வருத்தம் என்று ஒரு வார்த்தை இல்லை.

6. பாக்கியம் கேட்டது

பாக்கியத்தின் மேல் தவறு இல்லை, மீண்டும் வேலைக்கு வரலாம் என்று ஒரு கடிதம் கொடுத்தார்கள். அதை எடுத்துக்கொண்டு வெண்ணாற்றங்கரைப் பக்கம் இருந்த அவள் வீட்டுக்குப் போனேன். ஒரு கல்யாண மண்டபத்தில் பாத்திரம் கழுவுகிற வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். கை விரலெல்லாம் தண்ணீரில் ஊறிச் சுருங்கியிருந்தது. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

கடிதத்தைப் படித்துக் காட்டினேன். "அன்னிக்கு நான் கத்துனது தப்பு, பாக்கியம்" என்றேன்.

"விடுங்கம்மா. நாந்தானே தேச்சேன்."

"வேலைக்கு வர்றியா?"

"வேணாம்மா. திருடிய நிறுத்துன மாதிரி வாசல்லயே நிறுத்தி அனுப்பிச்சாங்க. திரும்ப அந்த வாசல மிதிக்க மனசு வரல."

அப்புறம் கேட்டாள்.

"ஏம்மா, அந்தக் கொழாயில அப்படி என்னதான் தெரியும்?"

நான் அவளைப் பார்த்தேன். கிண்டலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே தெரியாமல் கேட்டாள். பதினோரு வருஷம். காலை ஏழு மணிக்கு வருவாள், நாலு மணிக்குப் போய்விடுவாள். நாங்கள் ஆறு மணிக்கு மேல்தான் திறப்போம். வெளியூரிலிருந்து வேன் வேனாகச் சனம் வந்து பார்த்துவிட்டுப் போனது. எத்தனையோ அதிகாரிகளின் வீட்டு ஆட்களை வரிசையில் நிற்கவிடாமல் அழைத்துப்போய்க் காட்டியிருக்கிறேன். அந்தக் கட்டடத்தைப் பெருக்கினவளை ஒரு நாள், ஒரே ஒரு நாள், "இருந்து பாத்துட்டுப் போ" என்று நான் சொன்னதில்லை. அந்தத் தட்டுக் கண்ணாடி என்ன வேலை செய்கிறது என்று அவளுக்குத் தெரிந்திருந்தால் யார் சொன்னாலும் நாரை எடுத்திருக்க மாட்டாள். எந்தப் பாத்திரத்தை எப்படித் தேய்க்க வேண்டும் என்று அவளுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

"ஒரு நாள் வா, நான் காட்டுறேன்" என்றேன்.

"வர்றேம்மா" என்றாள். வரவில்லை. நானும் இரண்டு தடவை ஆள் சொல்லிவிட்டேன். மூன்றாவது தடவை சொல்ல எனக்கு முகம் இல்லை.

ஓய்வு பெறும் வரை மிச்சம் இருந்த மாசங்களில் ஒரு வழக்கத்தைப் பிடிவாதமாக நடத்தினேன். புதிதாக யார் வேலைக்குச் சேர்ந்தாலும், வாட்ச்மேன், டிக்கெட் கிழிக்கிறவர், எலெக்ட்ரீஷியன், கழிவறை கழுவுகிறவர், யாராக இருந்தாலும், முதல் நாள் சாயங்காலம் டெலஸ்கோப்பில் பார்த்துவிட்டு, மிரரைத் தூரத்தில் நின்று பார்த்துவிட்டு, அதற்கப்புறம்தான் வீட்டுக்குப் போக வேண்டும். டியூட்டி நேரத்தில்தான். ஆபீஸில் முணுமுணுத்தார்கள். முணுமுணுத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டேன்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்வது இதுதான். உங்கள் கருவி என்ன செய்கிறது என்று ஊருக்குச் சொல்வதற்கு முன்னால், அதன் பக்கத்தில் விளக்குமாறு பிடித்து நிற்கிறவருக்குச் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. குணசேகர் மேல் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது, அது போகாது, போகவும் வேண்டாம். ஆனால் அவர் அங்கே இருந்தது சில மாசம்தான். பதினோரு வருஷம் அந்தப் படிக்கட்டில் பாக்கியத்தைத் தாண்டித் தாண்டி ஏறிப்போனது நான்.